விளையாட்டு வீடியோ கேம்களில் தடுக்கவே முடியாத நிஜ வீரர் யார்?

செங்குட்டுவன் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம்.

நிஜ மைதானத்தில் புகழ்பெற்ற வீரர்கள் ஆயிரக்கணக்கில் வீடியோ கேம்களுக்குள் வந்திருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் தங்கள் திறமைக்கேற்ற எண்களோடு வந்து, மற்றவர்களைவிடக் கொஞ்சம் வேகமாக ஓடி, கொஞ்சம் துல்லியமாக அடித்துவிட்டுப் போனவர்கள்தாம். ஆனால் வெகு சிலர் மட்டும் கேமுக்குள் நுழைந்ததும் ஆட்டத்தின் போக்கையே குலைத்திருக்கிறார்கள். அவர் இருக்கும் அணியை எதிராளி தேர்ந்தெடுத்துவிட்டால், நாம் கையில் வைத்திருக்கும் கட்டுப்பாட்டுக் கருவியைக் கீழே வைத்துவிடலாம் என்று தோன்றும் அளவுக்கு. அப்படிப்பட்டவர்களில் முதலிடம் யாருக்கு என்பதே என் கேள்வி.

பேச்சு சிதறாமல் இருக்க மூன்று வரம்புகளை முன்வைக்கிறேன். முதலாவது, அவர் உண்மையில் வாழ்ந்த, ஆடிய வீரராக இருக்க வேண்டும். இரண்டாவது, ஆடுபவர் அவரைத் தன் கையால் இயக்கக்கூடியதாக இருக்க வேண்டும். மூன்றாவது, வெறுமனே 99 என்ற மதிப்பெண் இருந்தால் போதாது. அந்த மதிப்பெண்ணுக்கு எதிராக அந்த கேமில் முறையான மாற்று எதுவும் இல்லாமல் இருந்திருக்க வேண்டும்.

என் தேர்வு 1991இல் வந்த அமெரிக்கக் கால்பந்து கேமான டெக்மோ சூப்பர் பௌலின் போ ஜாக்சன். காரணத்தை நான் சொல்வதைவிட, அந்த கேமை என்னைவிட ஆழமாக அறிந்தவர்கள் சொல்வது பொருத்தமாக இருக்கும். மறுப்பவர்களும் தாராளமாக எழுதுங்கள். யார் என்பதோடு, ஏன் என்பதையும் விளக்கி எழுதினால் நன்றி உடையவனாக இருப்பேன்.

பழைய கார்ட்ரிட்ஜ் எழுதியது:

செங்குட்டுவன் அவர்களுக்கு வணக்கம். உங்கள் தேர்வோடு முழுமையாக உடன்படுகிறேன்.

அமெரிக்கக் கால்பந்து பழகாதவர்களுக்காக ஒரு சிறு அறிமுகம். இந்த ஆட்டத்தில் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதற்கென்றே இருப்பவர் ரன்னிங் பேக். அவர் எத்தனை கெஜம் முன்னேறினார் என்பதுதான் கணக்கு. ஓர் ஓட்டத்தில் சராசரியாக நான்கு கெஜம் கிடைத்தாலே நல்ல ஆட்டம் என்பார்கள். போ ஜாக்சன் லாஸ் ஏஞ்சலஸ் ரெய்டர்ஸ் அணிக்காக 38 ஆட்டங்கள் மட்டுமே ஆடி 2,782 கெஜம் ஓடினார்; சராசரி 5.4. 1987இல் சியாட்டில் அணிக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் 221 கெஜம் ஓடியதில் ஓர் ஓட்டம் மட்டும் 91 கெஜம். 1989இல் சின்சினாட்டிக்கு எதிராக மீண்டும் ஒரு 92 கெஜ ஓட்டம். இத்தனையும் அவர் பகுதி நேரமாகச் செய்தவை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். கான்சாஸ் சிட்டி ராயல்ஸ் அணிக்காகப் பேஸ்பால் பருவம் முழுவதையும் ஆடி முடித்த பிறகே, பாதியில் இருக்கும் கால்பந்துப் பருவத்துக்குள் அவர் வந்து சேர்வார்.

இனி கேமுக்கு வருவோம். டெக்மோ சூப்பர் பௌலில் ஒவ்வொரு வீரருக்கும் உச்ச வேகம் என்று ஓர் எண் தரப்பட்டிருந்தது. போ ஜாக்சனுக்கு அது 75. வேறு எந்த ரன்னிங் பேக்குக்கும் அந்த எண் கிடைக்கவில்லை. நூற்றுக்கு எழுபத்தைந்து பெரிய மதிப்பெண்ணா என்று இன்றைய கேம்களை மட்டும் ஆடியவர்கள் கேட்கலாம். அந்த கேமில் எண்கள் படிக்கட்டுகளாக இருந்தன, ரன்னிங் பேக்குகளில் அவ்வளவு உயரம் ஏற விட்டது இவர் ஒருவரைத்தான். அவரைத் துரத்த வேண்டிய தடுப்பாட்டக்காரர்களில் பெரும்பாலோர் பல படிகள் கீழே நின்றார்கள்.

திரையில் இது எப்படித் தெரியும் என்றால், பந்து போவின் கைக்கு வந்ததும் முதல் ஓரிரு கணம் அவரும் மற்றவர்களைப் போலவே கிளம்புவார். கோட்டைத் தாண்டியதும் வேகம் கூடிக்கொண்டே போகும். வலப்பக்கமாக வளைத்து ஓட்டி, பக்கவாட்டுக் கோட்டை ஒட்டி நிமிர்த்திவிட்டால், அவரை நோக்கிக் குறுக்கே வரும் தடுப்பாளர் சேர வேண்டிய இடத்தை அவர் அதற்குள் கடந்திருப்பார். பின்னாலிருந்து துரத்தி வருபவர்களின் கூட்டம் திரையின் இடது விளிம்பில் சிறுத்துக்கொண்டே போய் மறையும். இன்னும் துணிச்சலானவர்கள் ஒரு வேடிக்கை செய்வதுண்டு. பந்தை வாங்கியதும் முன்னால் போகாமல் தங்கள் எல்லைக்கோடு வரை பின்னோக்கி ஓடி, மேலும் கீழுமாக வளைந்து, பதினொரு பேரையும் துரத்தவிட்டு, ஆட்டத்தின் நான்கில் ஒரு பகுதி நேரம் முழுவதையும் ஒரே ஓட்டத்தில் கரைத்துவிட்டு, கடைசியில் எதிரெல்லைக்குப் போய் டச் டவுன் எடுப்பார்கள். விதிகளுக்குள் நின்று ஆடும் ஒரு கேமில் ஒரு வீரரை வைத்துக் கடிகாரத்தையே தின்ன முடிந்தது என்றால், அதற்கு மேல் ஆதிக்கத்துக்கு என்ன சான்று வேண்டும்?

இதில் என்னை மிகவும் பாதிக்கும் செய்தி வேறொன்று. 1991 ஜனவரி 13 அன்று சின்சினாட்டிக்கு எதிரான ஆட்டத்தில், 34 கெஜம் ஓடிய ஓர் ஓட்டத்தின் முடிவில் பிடிபட்டு விழுந்தபோது போ ஜாக்சனின் இடுப்பு மூட்டு சிதைந்தது. அவருடைய கால்பந்து வாழ்க்கை அன்றே முடிந்துவிட்டது. டெக்மோ சூப்பர் பௌல் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது அந்த ஆண்டின் டிசம்பரில். அதாவது, இந்த கேமில் உலகம் கண்டு வியந்த போ ஜாக்சன், கேம் வெளிவந்த நாளில் ஒரு கால்பந்து வீரராகவே இல்லை. பின்னர் செயற்கை இடுப்பு பொருத்திக்கொண்டு 1993இல் பேஸ்பாலுக்குத் திரும்பி, முதல் வாய்ப்பிலேயே ஹோம் ரன் அடித்தார் என்பது அவருடைய மன உறுதிக்குச் சான்று. ஆனால் அந்த ஓட்டம் மீண்டும் வரவில்லை. அது கேம் பதிந்திருந்த கார்ட்ரிட்ஜில் மட்டும் தங்கியது.

நிரல்மொழி எழுதியது:

பழைய கார்ட்ரிட்ஜ் ஐயா எழுதியது நெகிழ்ச்சியாக இருந்தது. இருந்தாலும் நான் மாறுபடுகிறேன். கேம் உருவாக்கும் துறையில் பணிபுரிபவன் என்ற முறையில், ஆதிக்கத்தை நான் சற்று வேறு விதமாக அளப்பேன். எதிராளிக்கு எத்தனை வழிகள் எஞ்சுகின்றன என்பதே என் அளவுகோல். அந்த அளவுகோலில் 2003 ஆகஸ்டில் வெளிவந்த அமெரிக்கக் கால்பந்து கேமான மேடன் 2004இன் மைக்கேல் விக்குக்குத்தான் முதலிடம்.

டெக்மோ சூப்பர் பௌலில் ஒவ்வோர் அணிக்கும் எட்டே எட்டு ஆட்டத் திட்டங்கள்தாம்: நான்கு ஓட்டம், நான்கு வீச்சு. தாக்கும் அணி எதைத் தேர்ந்தெடுக்கிறது என்பதைத் தடுக்கும் அணி சரியாக ஊகித்துவிட்டால், தடுப்பாளர்கள் மொத்தமாகப் பாய்ந்து வந்து பந்துக்காரரைக் கிளம்பும் முன்பே அமுக்கிவிடுவார்கள். ஆகவே போ ஜாக்சனுக்கு எதிராக ஒரு வாய்ப்பு எப்போதும் இருந்தது. ஊகம் பலித்தால் அவரும் எல்லோரையும் போல மண்ணில் விழுவார்.

மைக்கேல் விக் அட்லாண்டா ஃபால்கன்ஸ் அணியின் குவார்ட்டர்பேக். ஒவ்வொரு முறையும் பந்து முதலில் வந்து சேரும் கை அவருடையது. அமெரிக்கக் கால்பந்தின் தடுப்பு முறைகள் அனைத்தும், குவார்ட்டர்பேக் தன் அணியினர் காக்கும் வளையத்துக்குள் நின்று பந்தை வீசுவார் என்ற எண்ணத்தின் மேல் கட்டப்பட்டவை. பதினொருவரில் யாருடைய முழுநேர வேலையும் அவரைத் துரத்திப் பிடிப்பது கிடையாது. மேடன் 2004இல் விக்குக்குத் தரப்பட்ட வேகம் 95. அவரை நோக்கி வரும் முன்வரிசைக்காரர்களும் அவர்களுக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர்களும் அந்த வேகத்துக்கு அருகில்கூட வர மாட்டார்கள். அவரைக் கண்காணிக்க ஒருவரை ஒதுக்கலாம் என்றால், அவருக்கு ஈடாக ஓடக்கூடியவர்கள், பந்தைப் பிடிப்பவர்களைக் காவல் காக்கும் கார்னர்பேக்குகள் மட்டுமே. அவர்களில் ஒருவரை எடுத்துவிட்டால் பந்தைப் பிடிப்பவர்களில் ஒருவர் காவலின்றி நிற்பார். விக்கின் கை பலமோ மைதானத்தின் பெரும்பகுதியைத் தாண்டி எறியக்கூடியது. ஓடவிட்டால் ஓடுவார், ஓட்டத்தை அடைத்தால் எறிவார். எதிராளி எந்தத் திட்டத்தைத் தேர்ந்தெடுத்தாலும் அதில் ஒரு வாசல் திறந்தே இருக்கும். நண்பர்கள் கூடி ஆடும் பல இடங்களில் ஃபால்கன்ஸ் அணியை யாரும் எடுக்கக் கூடாது என்று தங்களுக்குள் தடை போட்டுக்கொண்டார்கள்.

நிஜத்திலும் இதற்கு ஆதாரம் இருந்தது. 2002 டிசம்பரில் மின்னசோட்டாவுக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் 46 கெஜம் தானே ஓடி ஆட்டத்தை முடித்தார். அவரை நோக்கிப் பாய்ந்த இரு தடுப்பாளர்கள் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டார்கள். அந்தக் காட்சியைப் பார்த்தவர்களுக்கு 95 என்ற எண் மிகையாகத் தோன்றியிருக்காது. ஆனால் கேமின் தடுப்பாட்ட நிரல் பல ஆண்டுகளாக வளையத்துக்குள் நிற்கும் குவார்ட்டர்பேக்குகளை எண்ணி எழுதப்பட்டு வந்தது. வீரர் புதியவராகவும் விதிகள் பழையனவாகவும் இருந்ததில் வந்த இடைவெளி அது.

இதற்குச் சான்றாக ஒன்று சொல்கிறேன். 2005இல் வந்த மேடன் 06இல் குவார்ட்டர்பேக்கின் பார்வைக் கூம்பு என்ற புதிய முறையைக் கொண்டுவந்தார்கள். வீரரின் முன்னால் விளக்கு வெளிச்சம் போல ஒரு கூம்பு விரியும். அதற்கு வெளியே இருப்பவருக்கு எறிந்தால் பந்து குறிதவறும். அக்காலத்தின் முன்னணி குவார்ட்டர்பேக் பேட்டன் மேனிங்குக்குக் கூம்பு கிட்டத்தட்ட மைதானம் முழுவதையும் அளக்கும். விக்குக்கோ அது குறுகலாக இருந்தது. விக் ஒருவரை அடக்கத்தான் அதைக் கொண்டுவந்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆயினும் அந்த மாற்றத்தால் அதிகம் இழந்தவர் அவர்தான் என்பதில் ஐயமில்லை.

மணல்மேட்டு ரசிகன் எழுதியது:

கால்பந்து என்றதும் உலகின் பெரும்பகுதி நினைக்கும் ஆட்டத்தைப் பற்றியும் யாராவது பேச வேண்டுமல்லவா? 2006இல் வந்த ப்ரோ எவல்யூஷன் சாக்கர் 6இல் பிரேசிலின் அட்ரியானோவை எதிர்த்து ஆடியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதே இல்லை. நம் ஊர்களில் இந்த கேமைக் கணினியில் ஆடிய தலைமுறையில், இண்டர் மிலான் அணியை எதிராளி தேர்ந்தெடுத்ததும் முகம் சுளிக்காதவர்கள் குறைவு.

அவருடைய உதையின் வலிமைக்கு 99 கொடுத்திருந்தார்கள். மற்ற முன்வரிசை வீரர்களை வைத்து ஆடும்போது, பெனால்டி பகுதிக்குள் நுழைய இடம் தேட வேண்டும், ஒரு பாஸ் கூடுதலாகக் கொடுக்க வேண்டும், கோணம் பார்க்க வேண்டும். அட்ரியானோவுக்கு அவ்வளவு தேவைப்படாது. வலையிலிருந்து முப்பது மீட்டர் தொலைவில் பந்து அவருடைய இடது காலுக்கு வந்து, உடலைத் திருப்ப அரை அடி இடம் கிடைத்தால் போதும். வலிமைப் பட்டையைப் பாதிக்கு மேல் ஏற்றி விடுவித்தால், பந்து உயராமல், வளையாமல், நேர்கோட்டில் போய் வலையில் தைக்கும். கோல்கீப்பர் பாய்வதற்குள் வலை அசைந்து முடிந்திருக்கும். ஓடி வந்து பந்தைப் பறிக்கலாம் என்றால் அவருடைய உடல் பலத்துக்கு முன்னால் தடுப்பாளர் சறுக்கி விழுவார். ஆகவே அவருக்கு எதிராக ஆடுபவர் தன் தடுப்பு வரிசையை வழக்கத்தைவிட வெகுதூரம் முன்னால் கொண்டுவர வேண்டியிருந்தது. அப்படிக் கொண்டுவந்தால் பின்னால் வெட்டவெளி.

நிரல்மொழி நண்பர் சொல்லும் அளவுகோலை நானும் ஏற்கிறேன். ஆனால் பதினொருவர் ஓடிக்கொண்டே இருக்கும் ஓர் ஆட்டத்தில், தொலைவு என்ற ஒன்றையே பொருளற்றதாக்கிய வீரர் அட்ரியானோதான்.

போ ஜாக்சனைப் பற்றி எழுதப்பட்டதைப் படித்ததும் எனக்கு நெஞ்சில் தைத்த ஒற்றுமை ஒன்று உண்டு. 2004 கோப்பா அமெரிக்கா இறுதி ஆட்டத்தில் அர்ஜென்டினாவுக்கு எதிராக ஆட்டம் முடியும் தறுவாயில் சமன் செய்தவர் அட்ரியானோ. அடுத்த ஆண்டு கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பையின் இறுதியிலும் அதே அர்ஜென்டினாவுக்கு எதிராக இரண்டு கோல்கள். தொடரின் சிறந்த வீரர் விருதும் அவருக்கே. ஆனால் 2004இல் தந்தையை இழந்த துயரத்திலிருந்து அவர் மீளவில்லை. கேம் கடைகளுக்கு வந்த 2006 இறுதியில் அவருடைய ஆட்டம் வெகுவாகச் சரிந்திருந்தது. தொலைக்காட்சியில் தடுமாறிக்கொண்டிருந்த அதே மனிதர், கணினித் திரையில் மட்டும் யாராலும் நிறுத்த முடியாதவராக இருந்தார்.

ரக்பி ரசிகர்கள் கோபித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு சொல்: 1995 உலகக் கோப்பை அரையிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக நான்கு ட்ரை (எதிரெல்லையில் பந்தைத் தரையில் வைத்து எடுக்கும் புள்ளி) போட்ட ஜோனா லோமுவின் பெயரிலேயே 1997இல் ஒரு கேம் வந்தது. அந்த மனிதரின் ஆதிக்கம் நிஜத்திலேயே கேம் போலத்தான் இருந்தது.

செங்குட்டுவன் எழுதியது:

மூவருக்கும் நன்றி. விரிவாக எழுதியிருக்கிறீர்கள்.

நீங்கள் மூவரும் சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால் எனக்கு ஒன்று புலப்படுகிறது. இன்றைய கேம்களில் வீரர்களின் மதிப்பெண்கள் பருவம் நடந்துகொண்டிருக்கும்போதே இணையம் வழியாகத் திருத்தப்படுகின்றன. ஒருவர் காயம்பட்டால், ஃபார்ம் இழந்தால், கேமிலும் அவர் எண் இறங்கும். யாராவது அளவுக்கு மீறி ஓங்கினால் அடுத்த திருத்தத்தில் அவரைக் குறைத்துவிடுவார்கள். கார்ட்ரிட்ஜிலும் வட்டிலும் எழுதியதை யாராலும் திருத்த முடியாது. ஒரு மனிதரின் ஒரே ஒரு பருவம் அப்படியே உறைந்துபோனது. போ ஜாக்சனும் அட்ரியானோவும் உறைந்த கணங்களில்தான் வெல்ல முடியாதவர்களாக இருக்கிறார்கள். இனி அப்படி ஒருவர் உருவாவது கடினம் என்றே நினைக்கிறேன்.

குத்துச்சண்டை வீரர் மைக் டைசனை ஏன் யாரும் சொல்லவில்லை? அவரை நாம் இயக்க முடியாது என்பதால் என் இரண்டாவது வரம்பே அவரை வெளியே தள்ளிவிட்டதா? அப்படியானால் வரம்பைத் தளர்த்தவும் தயாராக இருக்கிறேன்.

சிவப்பு மூலை எழுதியது:

குத்துச்சண்டை ரசிகன் என்ற முறையில் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன்.

1987இல் நிண்டெண்டோவுக்கு வந்த மைக் டைசன்ஸ் பஞ்ச்-அவுட் கேமில் இறுதி எதிராளி டைசன். முதல் 90 நொடிகளுக்கு கீழிருந்து மேலாக அவர் விடும் ஒவ்வொரு அப்பர்கட் குத்தும் ஒரே அடியில் நம்மைக் கீழே வீழ்த்தும். முந்தைய எதிராளிகளிடம் நாலைந்து அடிகள் வாங்கியும் நிற்கலாம். இங்கே கண நேரம் பிசகினால் தரையில்தான் கிடப்போம். நம் கையில் இருக்கும் சின்ன உருவம் அவருடைய இடுப்பளவுகூட இருக்காது. அடிப்பதற்கு முன் அவர் உடலில் தெரியும் மிகச் சிறிய அசைவைக் கண்டு விலகுவது ஒன்றே வழி. நிஜ டைசன் 1986 நவம்பரில் இருபதே வயதில் ட்ரெவர் பெர்பிக்கை இரண்டாம் சுற்றில் வீழ்த்திப் பட்டம் வென்றவர். கேம் வந்த மறு ஆண்டு, 1988 ஜூனில், மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 நொடிகளில் முடித்தார். கேமில் தாக்குப்பிடிக்க வேண்டிய 90 நொடிகளை நிஜத்தில் ஸ்பிங்க்ஸ் ஒரு நொடி மட்டுமே கடந்தார் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மெய் சிலிர்க்கும்.

ஆனாலும் செங்குட்டுவன் அண்ணா, டைசனை இந்தப் போட்டியில் நிறுத்துவதற்கு எனக்குத் தயக்கம் இருக்கிறது. காரணம் நீங்கள் விதித்த வரம்பு இல்லை. டைசனோடு செய்த உரிம ஒப்பந்தம் முடிந்ததும், 1990இல் அதே கேம் மீண்டும் வந்தபோது, அவருக்குப் பதிலாக மிஸ்டர் ட்ரீம் என்ற கற்பனைப் பாத்திரத்தை நிறுத்தினார்கள். முகமும் பெயரும் மாறின. அடிகளும் அவற்றின் நேரமும் அப்படியே இருந்தன. டைசன் இல்லாமலேயே அந்த ஆதிக்கம் நடந்தது என்றால், அது டைசனுடையது என்று எப்படிச் சொல்வது? போ ஜாக்சனின் பெயரை எடுத்துவிட்டு வேறு யாருக்கேனும் அந்த 75ஐக் கொடுத்திருந்தால், விவரம் அறிந்தவர்கள் நகைத்திருப்பார்கள். அந்த எண் அவருடைய 91 கெஜ ஓட்டத்திலிருந்து பிறந்தது.

நிரல் தவறால் பிறக்கும் ஆதிக்கமும் உண்டு. பனி ஹாக்கி கேமான என்ஹெச்எல் 94இன் செகா ஜெனசிஸ் என்ற கேம் கருவிக்கான பதிப்பில் வீரர்களின் எடை தலைகீழாகக் கணக்கிடப்பட்டிருந்தது. எடை குறைந்தவர் மோதினால் எடை மிகுந்தவர் விழுவார். இதனால் ஐந்தடி ஆறங்குல உயரமே உள்ள கால்கரி அணியின் தியோ ஃப்ளூரி, மலை போன்ற தடுப்பாளர்களை உருட்டிவிட்டுக்கொண்டே வலைக்குப் போவார். ஆடுவதற்கு அவ்வளவு இன்பமாக இருக்கும். ஃப்ளூரி நிஜத்திலும் அஞ்சாமல் மோதக்கூடியவர்தான். ஆனால் இது அவருக்குக் கிடைத்த பரிசு; அவர் ஈட்டியது என்று சொல்ல முடியாது.

தென்றல்வாசி எழுதியது:

வந்தவர்களைப் பற்றியே பேசுகிறோம். வர வேண்டியிருந்தும் வராமல் போனவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முதலிடத்துக்கான போட்டியிலேயே அவர்கள் இல்லாமல் போனதற்குக் காரணம் மைதானத்தில் இல்லை, ஒப்பந்தத் தாளில் இருந்தது.

1993இல் வந்த, கடைகளில் காசு போட்டு ஆடும் ஆர்கேட் கேமான என்பிஏ ஜாமை எடுத்துக்கொள்ளுங்கள். இருவர் எதிர் இருவர் ஆடும் கூடைப்பந்து. தொடர்ந்து மூன்று கூடைகள் போட்டால் வீரர் கையில் பந்து தீப்பற்றி எரியும். மைக்கேல் ஜார்டனுக்கென்றே செய்தது போன்ற கேம். ஆனால் அதில் அவர் இல்லை. வீரர்கள் சங்கத்தின் கூட்டு உரிமத்திலிருந்து விலகித் தன் பெயரைத் தானே விற்றுக்கொள்ளும் முடிவை அவர் எடுத்திருந்ததால், சிகாகோ அணிக்கு ஸ்காட்டி பிப்பனும் ஹொரேஸ் கிராண்ட்டும் மட்டுமே வந்தார்கள். அந்த கேமின் தலைமை வடிவமைப்பாளர் மார்க் டர்மெல் டெட்ராய்ட் அணியின் ரசிகர். டெட்ராய்ட்டுக்கு எதிரான நெருக்கமான ஆட்டங்களில் சிகாகோவின் கடைசி நொடி வீச்சுகள் தவறும்படி நிரலில் எழுதிவைத்ததாக அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். ஜார்டனே இருந்திருந்தாலும் அந்த வரியைத் தாண்டியிருக்க முடியாது. அவருடைய அட்டைப் படத்தோடும், அவருடைய புகழ்பெற்ற பத்து ஆட்டங்களை மீண்டும் ஆடிப் பார்க்கும் பகுதியோடும் என்பிஏ 2கே11 வந்தது 2010இல்தான். அவர் ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகள் கழித்து.

இன்னும் விசித்திரமானது பேரி பாண்ட்ஸின் கதை. 2004 பேஸ்பால் பருவத்தில் அவர் மட்டை பிடிக்க வந்த வாய்ப்புகளில் அறுபது விழுக்காட்டுக்கும் மேல் ஏதோ ஒரு வழியில் முதல் தளத்தை அடைந்தார். 232 முறை அவருக்கு இலவச நடை (அடிக்காமலேயே முதல் தளத்துக்குப் போகும் உரிமை) கிடைத்தது; அதில் 120 முறை எதிரணியே வேண்டுமென்று கொடுத்தது. பந்து வீசி அடி வாங்குவதைவிடத் தளத்தைத் தானமாகக் கொடுத்துவிடுவது மேல் என்று எதிரணிப் பயிற்சியாளர்கள் முடிவு செய்தார்கள். நிரல்மொழி அவர்கள் சொல்லும் அளவுகோலின்படி, எதிராளிக்கு வழியே எஞ்சாத நிலை என்றால் இதுதான். ஆனால் அவரும் கூட்டு உரிமத்திலிருந்து விலகியவர். எனவே எம்விபி பேஸ்பால் 2005இல் சான் ஃபிரான்சிஸ்கோ அணியின் இடப்புறக் காவலராக ஜான் டவுட் என்ற வெள்ளையர் ஒருவர் நின்றார். பெயர் வேறு, தோற்றம் வேறு. ஆட்டம் மட்டும் பாண்ட்ஸுடையது. சிவப்பு மூலை அவர்களின் கேள்வியை இங்கே திருப்பிப் போடலாம்: டைசனின் பெயரோடு வந்தது டைசனுக்குச் சொந்தமில்லை என்றால், பாண்ட்ஸின் பெயரில்லாமல் வந்தது பாண்ட்ஸுக்குச் சொந்தமாகுமா? ஆகும் என்றே நான் சொல்வேன். அந்தக் கேமில் ஆடிய எவரும் டவுட் யாரென்று கேட்டதில்லை.

நிரல்மொழி எழுதியது:

தென்றல்வாசி அவர்களின் பதிவைப் படித்த பிறகு என் வாதத்தில் ஒரு பகுதியைக் கூர்மையாக்க விரும்புகிறேன். பாண்ட்ஸுக்கு எதிராக நிஜத்தில் இருந்த அதே வழி கேமிலும் இருந்தது: வேண்டுமென்றே நடை கொடுக்கலாம். விலை உண்டு, ஆனாலும் வழி உண்டு. விக்குக்கு எதிராக அப்படி ஒரு பொத்தான் மேடன் 2004இல் இல்லை. ஆகவே என் தேர்வில் நான் நிற்கிறேன்.

கேம் வெளிவந்த சில நாட்களில், 2003 ஆகஸ்ட் 16 அன்று, பயிற்சி ஆட்டமொன்றில் விக்கின் கால் எலும்பு முறிந்து அந்தப் பருவத்தின் பெரும்பகுதியை அவர் இழந்தார் என்பதையும் செங்குட்டுவன் அவர்களின் கருத்துக்குத் துணையாகச் சேர்க்கலாம். அந்த ஆண்டு விக்கை ஆடிப் பார்த்தவர்கள் பெரும்பாலும் திரையில்தான் பார்த்தார்கள்.

பழைய கார்ட்ரிட்ஜ் எழுதியது:

நிரல்மொழி அவர்களின் வாதம் வலுவானது. எட்டில் ஒன்றை ஊகித்தால் போவை நிறுத்தலாம் என்பதும் உண்மை. ஆனால் அதை ஒரு மாற்று வழி என்று எண்ணுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. போவின் ஓட்டத்தை ஊகித்து அதையே திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுப்பவர், வீச்சுகளுக்கு எதிராகத் தன் வாசலைத் திறந்து வைக்கிறார். ஊகம் தவறிய ஒவ்வொரு முறையும் நான்கைந்து கெஜம் இழப்பதோடு நிற்காது; டச் டவுனே கொடுத்துவிட நேரும். மற்ற எந்த ரன்னிங் பேக்குக்கு எதிராகவும் தவறிய ஊகத்துக்கு இவ்வளவு பெரிய விலை கிடையாது.

இந்தக் கேமை முதன்முறையாக ஆடிப் பார்க்க நினைக்கும் இளைய நண்பர்களுக்காக ஒரு குறிப்பு. எதிரில் ரெய்டர்ஸ் இருந்தால், தொலைவில் நிற்கும் பாதுகாவலரை எடுத்துக்கொண்டு போவைத் துரத்தலாம் என்று எண்ணாதீர்கள். துரத்தும் கணக்கில் அவர் உங்களை வென்றுவிடுவார். முன்வரிசைக்கு அருகில் இருக்கும் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, பந்து கைமாறும் கணத்திலேயே பாய்ந்துவிடுங்கள். அவர் வேகம் பிடிப்பதற்கு முன் உள்ள அந்த ஓரிரு கணங்கள்தாம் உங்களுக்குரியவை. அவர் பக்கவாட்டுக் கோட்டை ஒட்டி நிமிர்ந்துவிட்டார் என்றால், அடுத்த திட்டத்தை யோசிக்கத் தொடங்கிவிடுவது நல்லது.